அறுநூற்றுப் பதினேழு இலக்கமும் ஒரு பால் பாத்திரமும்

எங்கள் வளாகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கோயமுத்தூருக்கு மேற்கே, மலை தெரிகிற பக்கம், நாற்பத்தெட்டு வீடு. அந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயத்தை நான் சொல்லாமல் விடுவது அபூர்வம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். விட்ட காரணம் கடைசியில் உங்களுக்கே புரிந்துவிடும்.

என் வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எஃகுத் தகடு இருக்கிறது. அதில் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் ஓர் எண். ஒரே எண்தான், ஆனால் அறுநூற்றுப் பதினேழு இலக்கம். இரண்டில் தொடங்கி ஏழில் முடியும். ஏழாவது வரியில் மூன்று பூஜ்யம் அடுத்தடுத்து வரும். விருந்தாளிகள் வந்தால் அதைத் தொட்டுக் காட்டுவேன். எங்கள் வீட்டுக்காரர் ஓசூரில் வேலை பார்த்துச் சனிக்கிழமைதான் வருவார். மற்ற ஆறு நாளும் எனக்குப் பேச்சுத்துணை எதிரே தெரிகிறவர்களும் இந்த எண்ணும்தான்.

நம்பர் கதவு வந்து எட்டு வருஷம் ஆகிறது. மாட்டிய நிறுவனத்தின் பொறியாளர், தமிழ்க்கொடி என்று ஒரு பெண், அன்றைக்கே எங்கள் எல்லோரையும் கீழே கூட்டத்துக்கு உட்கார வைத்து விளக்கினாள்.

"ரெண்டு பெரிய பகா எண்ணை உங்க வீட்டு இயந்திரம் தானா உண்டாக்கும். ஒண்ணாலயும் தன்னாலயும் தவிர எதாலயும் வகுபடாத எண்ணுங்க அது. ரெண்டையும் பெருக்குனா வர்றதுதான் கதவுல இருக்கற எண். அதை ஊரே பாக்கலாம், ஃபோட்டோ எடுக்கலாம். ஆனா உள்ள இருக்கற அந்த ரெண்டு எண் உங்க வீட்டுக்கு மட்டும்தான் தெரியும். அதுதான் சாவி."

"ஆராச்சும் பெருக்குனதை மறுபடியும் பிரிச்சுப்போட்டா?" என்று நான்தான் கேட்டேன்.

"சூரியன் அணையற வரைக்கும் ஒக்காந்தாலும் பிரிக்க முடியாதுங்க."

"சூரியன் அணைஞ்ச பொறவு திருடன் வந்து எதைங் கண்ணு கண்டுபிடிக்கறது? கரண்டும் இருக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும், தபால் பொட்டலம் கதவிலேயே உள்ள பெட்டிக்குள் விழும், யார் வந்தார் போனார் என்பதைக் கதவே எழுதி வைத்துக்கொள்ளும், அந்தப் பதிவையும் அந்தந்த வீட்டாரைத் தவிர ஒருவரும் பார்க்க முடியாது என்றால், என்னைப் போன்றவர்கள் எதைப் பார்த்துக்கொண்டு உயிரோடு இருப்பது? அதற்குமேல் அரசாங்கமும் ஒரு சட்டம் போட்டது. கதவின் பதிவில் எண் ஒப்பமிட்டிருந்தால் போலீஸ் ஸ்டேஷனில் அது சாட்சி. மனிதர்கள் மாற்றிச் சொல்வார்கள், எண் மாற்றிச் சொல்லாது என்றார்கள்.

எண் உண்டாக்க ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். எங்கள் சங்கச் செயலாளர் கோவர்த்தனன் அதற்கு நாள் பார்த்தார். தை மாத வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதே கால் முதல் பத்தே கால் வரை நல்ல நேரம். அதிலும் ஒன்பது பதினேழு இன்னும் விசேஷம் என்று அவருடைய ஜோசியர் சொன்னாராம். கீழே மைக்கைப் பிடித்துக்கொண்டு, "பத்து, ஒன்பது, எட்டு" என்று ராக்கெட் விடுகிற மாதிரி எண்ணினார். கதவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, "ஒண்ணு" என்றதும் நாற்பத்திரண்டு வீட்டில் ஒரே சமயத்தில் பொத்தானை அழுத்தினோம். ஆறு வீட்டார் மட்டும் தப்பினார்கள். ஃபிலோமினா டீச்சர் பள்ளிக்கூடம் போய்விட்டு வந்து சாயங்காலம் அழுத்தினார். இரண்டாம் மாடியில் ஒரு குடும்பம் தூங்கி எழுந்து பதினோரு மணிக்கு, பச்சை ராகு காலத்தில் அழுத்தியது. அதுகளுக்கு என்ன ஆகுமோ என்று நான் பல வீட்டில் வருத்தப்பட்டேன்.

கோவர்த்தனனுக்கு ஒரே ஒரு குறை. அவருடைய ராசி எண் ஒன்பது. அறுநூற்றுப் பதினேழு இலக்கத்தையும் கூட்டிக் கூட்டி ஒற்றை இலக்கத்துக்குக் கொண்டுவந்தால் அவர் வீட்டுக்கு நான்கு வந்தது. ஒன்பது வருகிற எண்ணாக மாற்றித் தரச்சொல்லித் தமிழ்க்கொடியிடம் போனார்.

"சார், ஒன்பது யாருக்குமே வராது. மூணும் வராது, ஆறும் வராது. கூட்டித்தொகை அப்படி வந்தா அந்த எண் மூணால வகுபடும். இதை வகுக்கறது ரெண்டே எண்தான், ரெண்டும் உள்ள இருக்கு."

"ஆயிரம் ரூவா கூடத் தந்தாலுமா?"

"கோடி தந்தாலும் வராதுங்க சார்."

காசு கொடுத்தும் கிடைக்காத பொருள் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதை அவர் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். முகத்தைப் பார்க்கவே திருப்தியாக இருந்தது.

இப்படி எட்டு வருஷம் ஓடிற்று. போன ஆவணியில் நிறுவனத்திலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பாதுகாப்பு அறிக்கை வந்தது. என் வீட்டு அறிக்கையில் சிவப்புக் கோடு. கடந்த இரண்டு வருஷத்தில் பதினொரு தடவை, என் ஃபோன் வீட்டில் இல்லாத நேரத்தில், என் வீட்டுச் சாவியாலேயே கதவு திறக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிஷம், அதிகம் போனால் மூன்று. பதினொன்றுக்கும் கீழே எண்ணின் ஒப்பம். எண்ணைப் பிரிக்க முடியாது. ஆகவே யாரோ சாவியை வைத்திருக்கிறார்கள்.

முதலில் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். நகை இருந்தது, வெள்ளிக் குத்துவிளக்கு இருந்தது, பட்டுப் புடவைகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. பதினொரு தடவை வந்தவன் ஒரு ஸ்பூன்கூட எடுக்கவில்லை. பயத்தைவிட எனக்கு அவமானமாகத்தான் இருந்தது.

கோவர்த்தனன் அறிக்கையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"சாவி எங்கீங்க வெப்பீங்க, அம்மிணி?"

"ஒண்ணு ஃபோன்ல. இன்னொரு அட்டை அஞ்சறைப் பெட்டிக்கு அடியில. அவ்வளவுதானுங்க."

"சமையலறைக்குள்ள வர்றது ஆரு?"

மாராத்தாள்தான். ஆறு வருஷமாக என் வீட்டில் பாத்திரம் துலக்குகிறவள். எங்கள் வளாகத்தில் மட்டும் ஒன்பது வீடு. அவள் பெயரைக் கோவர்த்தனனிடம் நான் சொல்லவில்லை. அப்புறம் அந்த விஷயத்தை மூன்றே மூன்று பேரிடம், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னேன். "அவளா இருக்காது, இருந்தாலும் நம்பர் பொய் சொல்லாதுல்ல" என்றுதான் சொன்னேன். என் வார்த்தையில் எங்கேயும் தப்பு கண்டுபிடிக்க முடியாது. அந்த மாதிரிப் பேசத்தானே நான் இத்தனை வருஷம் பழகியிருக்கிறேன்.

சாயங்காலத்துக்குள் ஒன்பது வீட்டிலும் அவளை நிறுத்திவிட்டார்கள். வாசல் கேட்டில் அவளுடைய நுழைவு அட்டையை ரத்து செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டு, அவள் ஒப்புக்கொள்ளாவிட்டால் திங்கட்கிழமை போலீசில் புகார் என்று முடிவாயிற்று. அவள் மகள் நர்சிங் கடைசி வருஷம். வீட்டில் ஒரு வழக்கு என்றால் எந்த ஆஸ்பத்திரியிலும் அந்தப் பெண்ணை எடுக்க மாட்டார்கள். எண் ஒப்பமிட்ட வழக்கு என்றால் வக்கீலும் வாதாட வரமாட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் கேட்டுக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிட்டனுப்பினாள். நான் கம்பிக்கு இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம்.

"ஏனுங்க்கா, உங்க நம்பரு பொய் சொல்லாதுன்னா, நான் சொல்றேங்களா?"

"நான் அப்புடிச் சொல்லல, மாராத்தா."

"நீங்க சொல்லலீங்க. நீங்க சொன்னதக் கேட்டவங்க சொன்னாங்க." அவள் அழவில்லை. "சாவியத் திருடி உங்க ஊட்டுக்குள்ள வந்து நான் பண்றதுக்கு என்னங்க்கா இருக்குது? தெனமும் நீங்களே கதவத் தொறந்து, உள்ள கூப்புட்டு, ஊரு ஞாயமெல்லாம் சொல்லித்தான அனுப்பறீங்க? போதும் போதும்னு ஓடியாறவ நானு."

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. வீட்டுக்கு வந்து அறிக்கையை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எனக்குக் கணக்கு வராது. தேதி மட்டும் மறக்காது. மற்றவர்கள் தேதியைக் காலண்டரில் வைத்திருப்பார்கள், நான் அடுத்தவர் வீட்டில் வைத்திருப்பேன். அறிக்கையில் முதலாவது, மாசி மாதம் பதினாலு: ஃபிலோமினா டீச்சர் நாய் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட நாள். இரண்டாவது, கோவர்த்தனனின் சம்பந்தி வீட்டார் பந்தியிலிருந்து பாதியில் எழுந்து கார் ஏறிய நாள். மூன்றாவது, முதல் மாடிக்கு ஆம்புலன்ஸ் வந்து, வெறும் வாயுப்பிடிப்பு என்று திரும்பிப்போன நாள். நான்காவது, தண்ணீர் லாரிக்காரனுக்கும் காவலாளிக்கும் கைகலப்பு. இப்படிப் பதினொன்றையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். பதினொன்றிலும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று. நான். ஒவ்வொரு தடவையும் சத்தம் கேட்டு, போட்டது போட்டபடி வேடிக்கை பார்க்கக் கீழே ஓடியிருக்கிறேன்.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அன்றைக்கு நாயின் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தவளே மாராத்தாள்தான். லாரிக்காரனை விலக்கியவளும் அவள். மூன்று நிமிஷம் மேலே போய்வர அவளால் எப்படி முடியும்?

வேடிக்கை என்றால் எங்கள் வளாகத்தில் கைக்குழந்தைவரை கீழே வந்துவிடும். பதினொரு தடவையும் வராத ஓர் ஆள் உண்டா என்று யோசித்தேன். உண்டு. எதிர்வீட்டு நாச்சிமுத்து.

நாச்சிமுத்து நாற்பத்தைந்து வயது ஒண்டிக்கட்டை. நூல் மில்லில் தரம் பார்க்கிற வேலை, இரவுப் பணி, பகலெல்லாம் வீட்டில். எட்டு வருஷத்தில் என்னிடம் அவர் பேசியதை ஒரு அஞ்சலட்டையில் எழுதிவிடலாம். நான் செய்தி சொல்லாத ஒரே வீடு அதுதான். வாங்கிக்கொண்டு திருப்பி எதுவும் தராத வீட்டுக்கு யார் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்? அதனால் மாராத்தாள் விஷயம் அவருக்குத் தெரியவே தெரியாது. அவர் கதவைத் தட்டி, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"மாராத்தாளையா சொல்றாங்க?"

"ஆமாங் தம்பி. திங்கக்கெழம போலீசு."

அவர் கதவைப் பிடித்துக்கொண்டார். "நான்தானுங்க்கா."

"என்ன நீங்க?"

"நான்தான் தொறந்தேன். பாலு பொங்குற வாசம் வந்துதுங்க. மொதோ தடவ பொகையே வந்துருச்சு. நீங்க கீழ இருந்தீங்க. போயி அடுப்ப அணைச்சுட்டு வந்துட்டேன்."

பதினொரு தடவை. நான் மேலே வந்து பார்க்கும்போது அடுப்பு அணைந்திருக்கும். எத்தனை அவசரத்திலும் என் கை தானாக அடுப்பை அணைத்துவிடுகிறது என்று என்னை நானே மெச்சி, அதைப் பத்துப் பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

"அது கெடக்குதுங். கதவ எப்புடித் தொறந்தீங்க? பிரிக்கவே முடியாதுன்னாங்களே?"

"பிரிக்கலீங்க்கா. பக்கத்துல வெச்சேன்." உள்ளே போய் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். "லிஃப்டுக்கு நிக்கறப்பவெல்லாம் உங்க நம்பரும் என்ற நம்பரும் எதிரும் புதிருமாத் தெரியும். சும்மா ஒரு நா, ரெண்டுக்கும் மீ.பொ.வ. போட்டுப் பாத்தேன்."

"ஆறாங்கிளாசுல போட்டமே, மீப்பெரு பொது வகுத்தி, அதா?"

"அதேதானுங்க. பெரிச சின்னதால வகுக்கறது, மிச்சத்தால மறுபடி சின்னத வகுக்கறது, மிச்சம் தீருற வரைக்கும். ஒரு நம்பரத் தனியாப் பிரிக்கறதுக்குத்தான் சூரியன் அணையோணும். ரெண்டு நம்பரு இருந்தா, உங்க ரெண்டு பேருக்கும் பொதுவா என்ன இருக்குதுன்னு கேட்டாப் போதும். ஆயிரத்துச் சொச்சம் தடவ வகுக்கோணும், ஃபோனு ஒரு நொடியில பண்ணிரும். ஒண்ணுதானுங்க வரோணும். பொதுவா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்." நோட்டைப் புரட்டிக் காட்டினார். "ஒண்ணு வரலீங்க்கா. முன்னூத்தி ஒம்போது இலக்கத்துல ஒரு நம்பரு வந்துச்சு. உங்க ரெண்டு பகா எண்ணுல ஒண்ணும் என்றதுல ஒண்ணும் ஒரே நம்பரு. ஒண்ணு கெடைச்சா வகுத்து இன்னொண்ணு எடுத்துக்கலாமில்லீங்க? ரெண்டும் கெடைச்சா அதுதான் சாவி. ஃபோனுல போட்டுக் காட்டுனாக் கதவு தொறந்துரும்."

எனக்கு அப்போது வந்தது பயமில்லை, பொறாமை. என் தொழிலின் சூட்சுமத்தை ஒருவர் கணக்கில் போட்டுக் காட்டுகிறாரே. ஒரு வீட்டு விஷயத்தை அந்த வீட்டிலேயே கேட்டால் செத்தாலும் வராது. அதையே இரண்டு வீட்டில் கேட்டு, அவர்கள் சொன்னதில் இவர்கள் சொன்னதைக் கழித்து, மிச்சத்தை எடுத்துக்கொண்டு மறுபடி அங்கே போனால் வந்துவிடும். முப்பது வருஷமாக நான் அதைத்தான் செய்கிறேன். அதற்குப் பள்ளிக்கூடத்தில் பெயர் இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

"ஆனா எப்புடிங் தம்பி ஒரே நம்பரு வந்துது?"

"பொத்தான அழுத்துற நொடிய வெச்சுத்தான் மெஷினு மொதோ நம்பர உண்டாக்கும் போலிருக்குதுங்க. ரெண்டாவது மட்டும் வீட்டுக்கு வீடு மாறிருது. ஆளாளுக்கு ஒரு நேரத்துல அழுத்துவாங்கன்னு நெனச்சுச் செஞ்சிருக்கறாங்க. நம்மாளுக..."

"ஒம்போது பதினேழு," என்றேன் நான்.

"ஆமாங்க்கா. நல்ல நேரம். நான் எல்லா வீட்டையும் போட்டுப் பாத்தேன். நாப்பத்திரண்டு வீட்டுக்கும் அதே நம்பருதான். தப்பிச்சது ஆறு வீடு."

ராகு காலத்தில் அழுத்தியவர்களுக்காக எட்டு வருஷம் வருத்தப்பட்டவள் நான். இந்த வளாகத்தில் பத்திரமாக இருந்தவர்கள் அவர்கள்தான்.

"இத்தன நாளா ஏனுங் தம்பி சொல்லல?"

"சொன்னா நாப்பத்திரண்டு வீடும் தொறந்து கெடக்குதுன்னு ஊருக்கே சொன்ன மாதிரிங்க. அட, உங்ககிட்ட மட்டுமாச்சும் சொல்லலாம்னு ஒரு தடவ கதவு வரைக்கும் வந்தனுங்க. அப்பறம்..." தரையைப் பார்த்தார்.

"அப்பறம், ரெண்டும் ஒண்ணுதான்னு தோணிருச்சாக்கும்?"

அவர் நோட்டுப் புத்தகத்தை மூடினார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு அவரையும் கையோடு அழைத்துப்போனேன். சொன்னால் தன் மேலேயே அத்துமீறி நுழைந்த வழக்கு வரும் என்று அவருக்குத் தெரியும். வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு பூசி, ஜெயிலுக்குப் போகிற தயாரிப்போடு வந்திருந்தார். தமிழ்க்கொடியும் வந்திருந்தாள், எட்டு வருஷத்தில் மேலாளர் ஆகிவிட்டாள்.

"எண்ணைப் பிரிக்கறதுக்கு வாய்ப்பே இல்லீங்க," என்று அவள் தொடங்கினாள்.

"பிரிக்க வேண்டாங் கண்ணு," என்றேன். "பக்கத்துல வெய்யி. செக்ரட்டரி சார் வீட்டு நம்பரையும் என்ற நம்பரையும் போட்டு ஒரு மீ.பொ.வ. பாரு."

அவள் சிரித்துக்கொண்டேதான் ஃபோனை எடுத்தாள். போட்டாள். சிரிப்பு நின்றது. மறுபடி போட்டாள். எழுந்து ஜன்னல் பக்கம் போய் யாருக்கோ ஃபோன் செய்து, ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினாள். திரும்பி வந்து எங்கள் முன்னால் நின்றாள்.

"இது நடக்கவே கூடாதுங்க. எல்லாரும் ஒரே நொடியில அழுத்துனாத்தான் இப்படி வரும். உலகத்துல யாரு சார் நாப்பது வீடு ஒரே நொடியில அழுத்துவாங்க?"

எல்லோரும் கோவர்த்தனனைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"பஞ்சாங்கத்துல போட்டிருந்துச்சுங்க," என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. விஷயம் வெளியே போனால் ஊரில் எத்தனை வளாகத்தில் எத்தனை பேர் நல்ல நேரம் பார்த்து அழுத்தியிருக்கிறார்களோ என்ற பயத்தில் நிறுவனம் நாச்சிமுத்துவின் காலில் விழாத குறை. வீட்டுக்காரி நானே, "என் பால் பாத்திரத்தைக் காப்பாற்றியவர்" என்று எழுதிக் கொடுத்த பிறகு வழக்குக்கு வேலையில்லை. மாராத்தாள் மேல் தப்பில்லை என்று கோவர்த்தனன் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்.

அதை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"பலகையில ஒட்டுனத ஆருங்க்கா படிக்கறாங்க? நீங்க சொன்னதத்தான எல்லாரும் கேட்டாங்க. எந்த வீட்ல மொதல்ல சொன்னீங்களோ, அங்கிருந்து அந்தப் பேச்சு பரவுன வரிசையிலயே போயி, நான் சொன்னது தப்புன்னு உங்க வாயால சொல்லுங்க. நானும் கூட வாரேன்."

போனேன். பின்னாலேயே அவள், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு. ஒருத்தி திருடி என்பதைச் சொல்ல எனக்கு வீட்டுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. திருடி இல்லை என்பதைச் சொல்ல, சில வீட்டில் காபி குடித்து முடிக்கும்வரை ஆயிற்று. "அப்ப ஆரு திருடுனது?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் திருடுபோகவில்லை என்பதை நம்ப வைப்பதுதான் பெரும்பாடு. கடைசி வீட்டு வாசலில் மாராத்தாள், "இப்பத்தானுங்க்கா உங்க கால் வலி எனக்குத் தெரியுது" என்று சொல்லி லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வாங்கத்தான் நான் அத்தனை மாடிப்படி ஏறினேன் என்றுகூடச் சொல்வேன்.

இனி எல்லோருக்கும் புது எண் வேண்டும். இயந்திரத்தையே மாற்ற ஒரு வருஷம் ஆகும், அதுவரை ஆளுக்கொரு நேரத்தில் அழுத்துங்கள், போதும் என்றாள் தமிழ்க்கொடி. அங்கேதான் சிக்கல். ஒருவருக்கும் ராகு காலத்தில் அழுத்த மனசில்லை, எமகண்டமும் வேண்டாம், குளிகையும் வேண்டாம். கோவர்த்தனன் நல்ல நேரத்தைப் பங்குபோட்டு வீட்டுக்கு ஒரு நிமிஷம் என்று பட்டியல் போட்டார். உடனே முதல் நிமிஷம் யாருக்கு என்று சண்டை.

"மாராத்தாளை அழுத்தச் சொல்லுங்க," என்றார் நாச்சிமுத்து. அவர் கூட்டத்தில் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. "அவுங்க நாளுக்கு ஒரு வீடு, அரை நாளுக்கு ஒரு வீடுன்னு வேலைக்கு நடுவுல போவாங்க. எப்பப் போவாங்கன்னு அவுங்களுக்கே தெரியாது. அதவிட நல்ல கணக்கு கெடையாதுங்க."

பழையபடி ஒன்பது வீட்டிலும் அவளை வேலைக்கு எடுத்துவிட்டிருந்தார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் திருடி என்று கேட்டில் நிறுத்தப்பட்டவள், ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் எல்லோருடைய சாவியையும் பிறப்பித்தாள். பாத்திரத்துக்கு நடுவில் ஒன்று, துணி காயப்போடும் வழியில் ஒன்று. கோவர்த்தனன் வீட்டுப் புது எண்ணைக் கூட்டினால் எட்டு வந்தது. சனியின் எண் என்று அலறி மறுபடி அழுத்தச் சொன்னார். "எனக்கு வேலை கெடக்குதுங்க சார்" என்று அவள் போய்விட்டாள். எட்டோடுதான் இருக்கிறார், இதுவரை ஒரு குறையும் இல்லை.

கடைசியாக எங்கள் மாடிக்கு வந்தாள். எனக்கும் நாச்சிமுத்துவுக்கும் கதவுகள் எதிரெதிரே. நடுவில் நான்கடி நடை. அவள் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் அகல நீட்டி, ஒரு கையால் என் பொத்தானையும் மறு கையால் அவர் பொத்தானையும் ஒன்றாக அழுத்தினாள்.

"அடியே, தனித்தனியா அழுத்தோணும்னு சொன்னாங்கல்ல!"

"கை ரெண்டு இருக்குதில்லீங்க்கா. ஒரே வேலையா முடிஞ்சிரும்." வாளியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். பாதியில் நின்று, "நான் மத்தியானமாப் போயிட்டா உங்க அடுப்ப ஆருங்க்கா அணைக்கறது?" என்றாள்.

மறுநாள் நாச்சிமுத்து நோட்டுப் புத்தகத்தோடு கதவைத் தட்டினார். முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. எட்டு வருஷத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு.

"ஒண்ணு வரலீங்க்கா," என்றார்.

ஆக, அவர் வீடும் எனக்குத் திறந்ததுதான். வளாகத்திலேயே எனக்குத் தெரியாத ஒரே வீடு. ஒரே ஒரு தடவை போனேன். இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் போய்விட்டார், துணி கருகும் வாசம் வந்தது. இரண்டு நிமிஷம்தான். மேசைமேல் என்ன இருந்தது என்று பார்த்தேன், கண் இருக்கிறதே. என்ன என்று மட்டும் கேட்காதீர்கள். அது எனக்கு மட்டும் தெரிந்த விஷயமாகவே இருக்கட்டும். இரண்டாவது வீட்டில் கேட்டுக் கழித்துப் பார்க்க வழி இல்லாததால் உங்களாலும் கண்டுபிடிக்க முடியாது.

இந்த வளாகத்தில் இரண்டு கதவுக்கு இன்னும் ஓர் எண் பொது என்பதையும் நாங்கள் மூன்று பேர் தவிர யாருக்கும் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லிவிட்டேன், சரி. எந்த வளாகம், எந்த மாடி என்று சொல்லவில்லை, பாருங்கள். பெயர்களையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

கீழே ஏதோ சத்தம். காவலாளி யாரையோ அதட்டுகிறான், ஒரு பெண் குரல் திருப்பி அதட்டுகிறது. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன். இருக்கட்டும், போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்.